டின்கினேஷும் அதன் இரட்டைக்கல் நிலவும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, ஒரு கோளாகத் திரள முடியாமல் எஞ்சிய எண்ணற்ற பாறைகள் சூரியனைச் சுற்றிவரும் பரப்பு சிறுகோள் பட்டை எனப்படும். அதில் 1999இல் கண்டறியப்பட்ட டின்கினேஷ், ஏறத்தாழ 720 மீட்டர் விட்டமே கொண்ட, சிலிக்கேட் கனிமங்கள் மிகுந்ததால் வானியலார் 'எஸ் வகை' என்று குறிக்கும் கல்லினச் சிறுகோள் ஆகும்.

வியாழனின் பாதையில் அதற்கு முன்னும் பின்னும் செல்லும் ட்ரோஜன் சிறுகோள்களை ஆராய்வதற்காக நாசா 2021இல் ஏவிய லூசி விண்கலம், தன் கருவிகளைச் சோதிக்கும் ஒத்திகையாகவே 2023 நவம்பர் 1 அன்று இதனை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. ஒத்திகையே அரங்கேற்றத்தை விஞ்சிவிடுமோ எனும்படி, டின்கினேஷுக்கு ஒரு நிலவு இருப்பதும், அந்நிலவு ஒன்றையொன்று தொட்டு நிற்கும், தலா 200 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இரு கற்களாலானது என்பதும் படங்களில் தெரியவந்தன; இத்தகைய 'தொடு இரட்டை' ஒரு சிறுகோளின் நிலவாகக் காணப்பட்டது அதுவே முதன்முறை.

சூரிய ஒளியை ஏற்று வெப்பமாக உமிழும்போது எழும் மிக நுண்ணிய உந்துதல், நெடுங்காலத்தில் சிறுகோளின் சுழற்சியை விரைவுபடுத்தியதால் சிதறிய பொருளே திரண்டு இந்நிலவாயிற்று என ஆய்வாளர் கருதுகின்றனர்.

பெயர்ப் பொருத்தமும் சுவையானது: எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த 'லூசி' எனும் மனித மூதாதையின் புதைபடிவத்துக்கு அம்ஹாரிக் மொழியில் வழங்கும் பெயரே டின்கினேஷ், நிலவுக்கு இடப்பட்ட 'செலாம்', அங்கேயே கிடைத்த, அதே இனக் குழந்தையின் புதைபடிவத்துக்குரிய பெயர்.