மனு எழுதப் பழகுவோம்!



நள்ளிரவில் ஓர் இளைஞனைப் பிடித்துச் செல்கிறார்கள். நாம் வக்கீலைத் தேடி அலைவதற்குள் விடிந்துவிடுகிறது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று 1996இல் டி.கே.பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. (தடுப்புக் காவலுக்கு இது பொருந்தாது, அந்தக் கொடுமையைத் தனியே பேச வேண்டும்.)

வணிகப் பெருமக்களே! அன்றாடக் கணக்கைத் தேதி தவறாமல் எழுதும் உங்களுக்கு ஒரு மனு எழுத வராதா? மதுரையில் ஒருவர் எழுதுவதை வாணியம்பாடியில் ஒருவர் திருத்த, சென்னை வக்கீல் சரிபார்க்க, இன்று கணினியில் வசதி உண்டு. மாதிரி மனு இப்போதே தயாராகட்டும். பிடித்துச் சென்ற நேரம், இடம், காவலர் பெயர் ஆகியவற்றை நிரப்ப மட்டும் இடம் விடுங்கள். வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் உட்காருவோம்.