மருந்து இன்ஷ்யூரன்ஸும் தள்ளுபடிச் சீட்டும்
(அமெரிக்கா வாழ் நம் குடும்பத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

சென்ற ஜனவரியில் என் தமையனார் இரத்தக் கொதிப்புக்குரிய மருந்து வாங்கச் சென்றார். இன்ஷ்யூரன்ஸ் இருந்தும், ஆண்டுத் தொடக்கமாதலின், முழு விலையும் கேட்கப்பட்டது. அவர் வெட்கத்தால் யாதொன்றும் வினவாது வெறுங்கையுடன் திரும்பினார். பத்து நாள் மருந்தின்றியே இருந்தார். அதனை அறிந்த வருத்தமே இன்று என்னைப் பேசத் தூண்டியது.

இன்ஷ்யூரன்ஸ் என்பது பலரும் சந்தா செலுத்தி நிரப்பும் பொதுப் பண்டாரம். ஆயினும், பல திட்டங்களில் ஆண்டுதோறும் ஒரு குறித்த தொகை வரையில் நம் கைப்பொருளே செலவாதல் வேண்டும். அதன் பின்னரே திட்டம் பங்கேற்கும்.

தள்ளுபடிச் சீட்டோ இன்ஷ்யூரன்ஸ் அன்று. தரகு ஸ்தாபனங்கள் மருந்துக் கடைகளோடு பேசி முடித்த குறைந்த விலையை அது நமக்குப் பெற்றுத் தரும், அவ்வளவே. பெரும்பாலும் இலவசமாய்க் கிடைக்கும். சீட்டு வழங்குவோர்க்கு ஊதியம் விற்பனையிலிருந்து வருகிறது. ஒரே மருந்தின் கிரயத்திற்கு இவ்விரண்டையும் சேர்த்து உபயோகிக்க இயலாது.

இவற்றுள் எது நலம்? நெடுங்காலமாக வழங்கும் மலிவான மருந்துகளுக்குச் சீட்டின் விலை, இன்ஷ்யூரன்ஸில் நாம் செலுத்தும் பங்கினும் குறைவாதல் உண்டு. அவ்வுண்மையை மருந்துக் கடைக்காரர் வெளியிடலாகாதெனத் தடுத்த ஒப்பந்தங்களை 2018-ஆம் ஆண்டுச் சட்டங்கள் விலக்கின. ஆதலின், கேட்டால் அவர் தாராளமாய்ச் சொல்லலாம்.

ஆனால் விலையுயர்ந்த மருந்தை நெடுநாள் உண்போர் அவசரப்படலாகாது. மெடிகேர் மருந்துத் திட்டத்தில், அதற்குட்பட்ட மருந்துகளுக்கு ஒருவர் செலவிடவேண்டிய ஆண்டு வரம்பு 2025-இல் 2,000 டாலர். 2026-இல் 2,100 டாலர். அதற்குமேல் அவர் தருவது ஒன்றுமில்லை. சீட்டைக் காட்டிச் செலுத்திய பணமோ பொதுவாக அவ்வரம்பில் சேராது. இன்ஸுலினுக்கும் அத்திட்டத்தில் 2023 முதல் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்குவதில்லை.

"சீட்டு இருக்கிறதே, திட்டம் எதற்கு?" என்று கருதுவோர் உளர். உரிய காலத்தில் சேராமலும், அதற்கு நிகரான வேறு பாதுகாப்பின்றியும் இருந்தவர், பின்னர்ச் சேருங்கால் தாமதித்த மாதம் ஒவ்வொன்றுக்கும், அடிப்படைச் சந்தாவில் நூற்றுக்கு ஒன்று வீதம் அபராதம் கூடும். அது திட்டத்தில் உள்ளவரை தொடர்வதே வழக்கம்.

ஆகவே, கடையில் இரு விலையையும் கேளுங்கள். சீட்டில் வாங்கும் மருந்து இன்ஷ்யூரன்ஸ் கணக்கில் ஏறாதாகையால், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள். என் தமையனார் மறுமுறை சென்று கேட்டார். சிறு விலைக்கே மருந்து கிடைத்தது. வினவுதல் இழிவன்று, அன்பர்களே. மருந்தின்றி இருத்தலே கேடு.