நடக்கும் கால்களும் நினைக்கும் மூளையும்

(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

முழங்கால் வலித்தால் உடனே தைலம் தேடுகிறோம். நினைவு தடுமாறினாலோ, "வயதாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். காலுக்கும் மூளைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைச் சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன்.

நம் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி உள்ளது. புதிய செய்திகளை நினைவில் பதிய வைப்பது அதன் பணி. முதுமையில் அது ஆண்டுதோறும் 1 அல்லது 2 விழுக்காடு சுருங்குகிறது. 2011-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 55 முதல் 80 வயது வரையிலான 120 பேர் அதில் பங்கு பெற்றனர். ஒரு சாரார் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தனர். மற்றவர்கள் கை கால்களை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சிகளைச் செய்தனர். ஓராண்டுக்குப் பின், நடந்தவர்களுக்கு அப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது.

பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே வளர்ச்சியைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனினும், நடைப்பயிற்சி இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த உதவுகிறது. இவ்விரண்டும் மிகுந்தால் மறதி நோய்க்கு வழி பிறக்கிறது.

அன்பர்களே! தாத்தா கோயிலுக்கு வந்தால் ஓடிச் சென்று நாற்காலி போடுகிறோம். பாட்டி பூத்தட்டை எடுத்தால் வாங்கி வைத்துவிடுகிறோம். வீட்டில் துடைப்பத்தைக்கூடத் தொட விடுவதில்லை. இது மரியாதைதான், ஆனால் உட்கார வைத்தே அவர்களை முடக்கிவிடுகிறோமே!

தண்ணீர்மலையின் 513 படிகளையும் எல்லோரும் ஏற வேண்டும் என்பதில்லை. அந்த ஆய்வில் கலந்து கொண்டவர்களும் மலை ஏறவில்லை, நடந்தார்கள், அவ்வளவுதான். பிரகாரத்தை வலம் வரலாம். அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் காலாற நடக்கலாம். வாரத்திற்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நலம்.

அன்னதானத்திற்கு அள்ளிக் கொடுக்கும் உங்களிடம் இன்னொரு தானமும் கேட்கிறேன். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரமாவது, பெற்றோரின் கைபிடித்து உடன் நடங்கள். அவர்கள் நம் பெயரை மறவாமல் அழைக்கும் காலம் நீளட்டும்.

முருகப்பெருமான் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!