யாரைக் கேட்டார்கள்?

(கள்ளிக்குப்பம் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே! கருத்துக் கணிப்பைப் படித்துவிட்டு, "முடிவுதான் தெரிந்துவிட்டதே, நம் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது?" என்று ஷிப்டு முடிந்து நேரே வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய சம்பவம்.

1936-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன்தான் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46-ல் ரூஸ்வெல்ட் வென்றார்!

காரணம் என்ன? டெலிபோன் புத்தகத்திலும் மோட்டார் கார் பதிவேட்டிலும் பார்த்துத்தான் பெரும்பாலும் விலாசம் எடுத்தார்கள். அந்த நெருக்கடிக் காலத்தில் வேலையிழந்தவனிடம் போன் ஏது, கார் ஏது? சீட்டு கிடைத்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. மிகக் குறைவான பேரையே கேட்டாலும், பல தரப்பிலும் பொறுக்கிக் கேட்ட காலப் என்பவரின் கணிப்புதான் பலித்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரிதான். ஆனால் கிளறாமல் மேலே ஒரு பருக்கை எடுத்தால் அடியில் உள்ளது தெரியுமா?

நம் நாட்டிலும் 2024 ஜூன் 1 அன்று அநேகக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. ஜூன் 4 அன்று எண்ணியபோது கிடைத்தது 293.

ஆகவே கணிப்பைக் கண்டால் கேளுங்கள்: யாரைக் கேட்டார்கள்? எப்போது? யார் பணத்தில்? ஆயிரம் பேரைச் சரியாகவே கேட்டாலும் 3 சதவீதம் முன்பின்னாகப் பிசகும். வித்தியாசம் 2 சதவீதம் என்றால் அது முடிவல்ல.

உங்களை யாரும் கேட்கவில்லையா? ஓட்டுச்சாவடி கேட்கிறது. போய்ப் பதில் சொல்லுங்கள்!