காபுரேற்றர் ஜெற்றுகளைத் தெரிவு செய்தல்

(நாலந்தாவில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இத்தகைய கூட்டங்களில் சமயத்தைப் பற்றியோ சமூகத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று நாம் ஓர் இயந்திரத்தின் சிறு துளைகளைப் பற்றிப் பேச முன்வந்தமை சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், ஒரு பெரியவர் எம்மை நம்பி ஒப்படைத்த எஞ்சினை எமது அறியாமையினால் நாம் எரித்த கதை இதில் அடங்கியிருக்கிறது. அதை ஒளியாமல் எடுத்துரைப்பதே எமது நோக்கம். இதனைக் கேட்ட இளைஞர் ஒருவர் நாளை ஒரு பிஸ்டனைக் காப்பாற்றுவாராயின் எமக்கு அதுவே போதும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட காலத்தில், கொட்டிலில் தூசி படிந்து கிடந்த பழைய கார்களுக்கெல்லாம் மதிப்பு ஏறிற்று. எமது பகுதிப் பெரியவர் ஒருவரிடமும் அப்படியொரு போர்ட் எஸ்கோர்ட் கார் இருந்தது. நான்கு சிலிண்டர், 1600 சி.சி. எஞ்சின். அதில் இரண்டு வெபர் 40 டி.சி.ஓ.ஈ. காபுரேற்றர்கள். எடுவார்டோ வெபர் என்னும் இத்தாலியர் 1923ஆம் ஆண்டிலே பொலோஞா நகரில் தொடங்கிய தொழிலகத்தின் பெயரைத் தாங்கியவை அவை. பந்தயக் கார்களுக்குப் புகழ் பெற்ற வகை. ஒவ்வொரு காபுரேற்றருக்கும் இரண்டு குழல்கள். ஆகவே சிலிண்டருக்கு ஒரு குழல்.

அதனைச் செப்பனிட நாம் நண்பர் மூவர் முன்வந்தோம். அப்பொழுது 2022ஆம் ஆண்டு. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. “ஜெற்றைச் சிறிதாக்கினால் பெற்றோல் மிஞ்சும்” என்று நாம் எண்ணினோம். 130 என்று எண்ணிட்டிருந்த பிரதான ஜெற்றுகளைக் கழற்றி, 115 ஜெற்றுகளைப் பூட்டினோம். கார் ஓடிற்று. நாலந்தாவிலிருந்து மாத்தளை வரையும் குறையொன்றும் தெரியவில்லை. மாத்தளையைத் தாண்டிப் பலகடுவ ஏற்றத்தில் எஞ்சினுக்குள்ளே சிறு சுத்தியலால் தட்டுவது போன்றதோர் ஒலி எழுந்தது. கேட்டும் கேளாதார் போல் மேலும் ஏறினோம். உச்சியை அடையுமுன் எஞ்சின் வலுவிழந்து நின்றது. கழற்றிப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலை உருகித் துளைபட்டிருந்தது.

பெரியவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பிமார், எஞ்சினுக்கும் வயிறு இருக்கு. சும்மா நிக்கிற நேரம் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாலும் தாங்கும், பாரம் இழுக்கிற நேரம் பட்டினி போடக் கூடாது” என்றார். கற்ற நூல்களில் எமக்கு விளங்காதது அச்சொற்களில் விளங்கிற்று. அதன் பொருளைச் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறோம்.

காபுரேற்றரின் தத்துவம் எளிது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அக்காற்று ஓர் இடுக்கு வழியே விரைந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அக்குறைவு, கிண்ணத்திலுள்ள பெற்றோலை ஜெற்றின் துளை வழியே இழுக்கிறது. அவ்விடுக்கையே பட்டறைகளில் ‘சோக்’ என்பர். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்க இழுக்கும் சோக் வேறு. ஜெற் என்பது நடுவே துளையுள்ள சிறு பித்தளைத் திருகு. அதிலுள்ள எண் துளையின் விட்டத்தைக் குறிப்பது: 130 என்றால் 1.30 மில்லிமீற்றர்.

எமது முதற் பிழை இங்கேதான். 130க்கும் 115க்கும் வேறுபாடு சிறிதென்று எண்ணினோம். ஆனால் பெற்றோல் பாய்வது துளையின் பரப்பினூடாக. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டுப் பார்த்தால் 115இன் பரப்பு 130இன் பரப்பிலும் ஏறத்தாழ 22 சதவீதம் குறைவு. எண்ணில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. உணவிலோ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்!

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. எந்த ஜெற் எப்பொழுது உழைக்கிறது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. இவ்வகைக் காபுரேற்றரில், எஞ்சின் மெல்ல ஓடும்போதும், சமவெளிப் பாதையில் அமைதியாகச் செல்லும்போதும், நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 சுற்று வரை பெற்றோலைத் தருவது ஐடில் ஜெற். பெடலை அழுத்தி ஏற்றம் ஏறும்போது உழைப்பதே பிரதான ஜெற். பெடலைத் திடீரென மிதிக்கும் கணத்திற்குப் பம்ப் ஜெற் உதவுகிறது. ஆகவே பிரதான ஜெற்றைச் சிறிதாக்கிய நாம், அன்றாட ஓட்டத்தில் மிச்சப்படுத்தியது சொற்பம். உழைக்கும் வேளையில் உணவைப் பறித்ததே மிச்சம். பெற்றோல் குறைந்த கலவை முழுப் பாரத்தில் எரியும்போது வெப்பம் மிகுந்து, கட்டுக்கடங்காத வெடிப்பு உண்டாகிறது. நாம் கேட்ட தட்டும் ஒலி அதுவே.

மறுமுறை முறையாகத் தொடங்கினோம். நமது நாலந்தாக் கெடிகேயை அறியாதார் இங்கே இல்லை. பல்லவர் கட்டடக் கலையின் சாயலும் பௌத்த வழிபாடும் ஒன்றுகூடிய அக்கற்கோயில், மகாவலித் திட்டத்து நீரில் அமிழும் நிலை வந்தபோது, சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல் கல்லாகக் கழற்றப்பட்டு உயர்ந்த இடத்தில் மீள அமைக்கப்பட்டது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று அறியாமல் அப்பணி நடந்திருக்குமா? காபுரேற்றரும் அவ்வாறே. ஒவ்வொரு துண்டும் எந்தக் குழலிலிருந்து வந்தது, அதில் என்ன எண் என்று கொப்பியில் எழுதிவிட்டே கழற்றினோம். எழுதாத அளவு அளவன்று என்று மிஷன் பாடசாலை ஆய்வுகூடத்தில் எமது ஆசிரியர் கூறியதை அன்றுதான் முழுதாய் உணர்ந்தோம்.

எழுதியதன் பயன் உடனே தெரிந்தது. 130 என்று பொறித்த நான்கு ஜெற்றுகளில் ஒன்றனுள் 1.35 மில்லிமீற்றர் துறப்பண அலகின் வழுவழுப்பான அடிப்பாகம் தாராளமாய் நுழைந்தது. முன்னர் யாரோ ஒருவர் அதைக் குடைந்திருக்கிறார்! ஜெற்றின் எண்ணைக் கண்ணால் வாசித்தல் போதாது. அளந்து பார்த்தல் வேண்டும். அடைப்பைக் கம்பியால் குத்தாமல் காற்றாலும் கழுவு திரவத்தாலும் நீக்குதல் வேண்டும்.

ஜெற்றைத் தொடுமுன் செய்ய வேண்டியவை சிலவுண்டு. மிதவை மட்டம் அந்த மாதிரிக்குரிய அளவில் இருக்கிறதா, ஊசி வால்வு கசிகிறதா, அச்சினூடே காற்றுப் புகுகிறதா, பெற்றோலின் அமுக்கம் ஏறத்தாழ 3 இறாத்தலுக்குள் நிற்கிறதா, தீப்பொறி நேரம் சரியா என்று பார்த்தல் வேண்டும். இவற்றிலுள்ள குறையை ஜெற்றால் திருத்த முயல்வது, நோய் ஒன்றிருக்க மருந்து வேறு கொடுப்பதாகும்.

அதன்பின் சோக்கிலிருந்து தொடங்குக. எமது சோக் 32 மில்லிமீற்றர். அதை நான்கால் பெருக்கினால் 128. ஆகவே 130 பிரதான ஜெற். அதனோடு 50 கூட்டினால் 180. அது காற்று ஜெற். எமல்ஷன் குழாய் எஃப் 16. இவை முடிவல்ல, தொடக்கமே. ஐயமிருப்பின் பெற்றோல் சற்று மிகுந்த பக்கமே தொடங்குக. மிகுந்தால் பிளக் கரி பிடிக்கும், குறைந்தால் பிஸ்டன் உருகும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுக.

முற்காலத்தில் பிளக்கின் நிறத்தை மட்டுமே பார்த்தனர். இன்று புகைக்குழாயில் லம்டா உணரியைப் பூட்டினால், ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று எண்ணாகவே காணலாம். இரவல் வாங்கிய கருவியொன்றால் நாமும் பார்த்தோம். முழுப் பாரத்தில் 12.5 முதல் 13 வரை விரும்பத்தக்கது, எமக்கு 12.7 கிடைத்தது. ஆனால் மெல்லிய ஓட்டத்தில் 11.5 என்று காட்டிற்று. பெற்றோல் அங்கேதான் வீணாகியிருக்கிறது! 55 ஆக இருந்த ஐடில் ஜெற்றை 50 ஆக்கினோம், அளவு 13.8க்கு ஏறிற்று. 2022இல் நாம் தேடிய சிக்கனம் பிரதான ஜெற்றில் இல்லை. கவனியாது விட்ட ஐடில் ஜெற்றிலே இருந்தது.

இறுதியாக இடத்தின் உயரம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோலின் பாய்வு அந்த அளவுக்குக் குறையாது. அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே குறையும். ஆதலால் கலவையில் பெற்றோல் பத்தில் ஒரு பங்கு வரை மிகும். கணக்கிட்டால் 130க்குப் பதில் 124 வரும், 125 பூட்டலாம். 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் நடைபெறும் இடமும் அந்நகரே. கொழும்பில் ஒருவர் காருக்குப் பொருந்திய எண்ணை அங்கே அப்படியே கொண்டுபோதல் ஆகாது. நாலந்தாவிலோ உயரத்தின் விளைவு ஒரு ஜெற் மாற்றும் அளவுக்கு இல்லை.

சித்திரை விடுமுறையில் 125 ஜெற்றுகளைப் பூட்டிப் பெரியவரை முன்னிருக்கையில் அமர்த்தி நுவரெலியா சென்றோம். பலகடுவ ஏற்றத்தில் மூவரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டோம். தட்டும் ஒலி எழவில்லை. “இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னார் பெரியவர்.

சகோதரர்களே, உருகிய அந்தப் பிஸ்டன் இன்றும் எம்மிடம் உண்டு. கூட்டம் முடிந்ததும் மேசையில் வைப்போம். கையில் எடுத்துப் பாருங்கள். எம்மை மன்னித்து, மீண்டும் தம் காரை எம் கையில் தந்த அப்பெரியவருக்கு எமது நன்றியைச் செலுத்தி அமர்கிறோம்.