வலிக்காத பாதம்



கால் வலி என்று போனால், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிற மருத்துவர் அடுத்து "எப்போது வலிக்கிறது?" என்றும் கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் யோசித்து வைத்துக்கொண்டு போவது நல்லது. பல நேரம் நோயைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று குத்தும். நாலு எட்டு நடந்தால் குறையும். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி குத்தும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் ஓடுகிற தடித்த சவ்வு நைந்துபோயிருப்பதன் அடையாளம் இது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் அதிகம் வரும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்றால் பதறவேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு இருக்கிறது. கெண்டைக்கால் தசையைத் தினமும் நீட்டி இழுக்கும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது, இவற்றிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். இரண்டு வாரத்தில் குணம் தெரியவில்லை என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

நடுராத்திரியில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிறதா? யூரிக் அமிலம் மூட்டில் படிந்திருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறதா? காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் இதை வயதின் மேல் பழி போட்டுத் தள்ளிப்போடக் கூடாது.

வீக்கத்தில் முதலில் பார்க்கவேண்டியது ஒரு காலா, இரண்டு காலா என்பது. இரண்டும் சேர்ந்து வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பரிசோதிப்பார்கள். ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடுகிற அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மாற்றித் தருவார். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலும் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

இவையெல்லாம் வலியோ வீக்கமோ காட்டி நம்மை எச்சரிக்கின்றன. எனக்குக் கவலை தருவது வலிக்காத பாதம். பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவர்கள், "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "மதமதன்னு இருக்கு", "ராத்திரியில எரியுது" என்பார்கள். நரம்பு கெட்டுவருகிறது என்று அர்த்தம். பிறகு எரிச்சலும் அடங்கும். குணமாகிவிட்டதாக நினைக்கிறோம், உணர்ச்சியே போயிருக்கலாம்.

இதன் ஆபத்தை உலகுக்குப் புரியவைத்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்வதாகத்தான் அன்று நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று துருவிப் பார்த்தார். நோய் கெடுத்தது நரம்பை. வலி தெரியாததால் சூட்டிலும் முள்ளிலும் ஓயாத அழுத்தத்திலும் கைகால்கள் சிதைந்துபோயின. பின்னாளில் அமெரிக்காவில், லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதே அறிவைப் பயன்படுத்தினார். தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துவந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பைத்தான் எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை உள்ளவர்களும் அணிகிறார்கள்.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு நம் ஊரில் ஆபத்துகள் நிறைய. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்க்கிறார்கள். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுட்டு எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுப்பது வழக்கம். சூடு தெரியாத காலில் தோல் வெந்துபோகும். கால் ஆணிக்குக் கடையில் விற்கிற பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதை ஒட்டவே கூடாது. பித்தவெடிப்பும் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் மற்றவர்களுக்குச் சின்னத் தொந்தரவுதான். இவர்களுக்கு அவை கிருமி நுழையும் வாசல்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், சில நிமிஷ வேலை. வருஷத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யச்சொல்லிக் கேளுங்கள். வீட்டில் தினமும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ பார்த்துச் சொல்லலாம்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத ஒன்று. நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு, புண் எதுவும் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்கலாம். வலி அதிகம் இருக்காது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டு நடக்கிறார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. அதனால் சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது, பாதம் எவ்வளவு நாளாகச் சுடுகிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.