மண் வேலைக்கு எந்தக் கருவி?



போன வாரம் இந்த மையத்துச் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார். "அண்ணே, நாங்க பத்துப் பேர் சேர்ந்து மண்பொம்மை செய்யப் போறோம். கடன் வாங்கி ஒரு பெட்டி கருவி வாங்கட்டுமா?" நான், "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் தொழில் தொடங்கியபோது இதே தவறைச் செய்தேன். கடனுக்கு ஒரு பெட்டி வாங்கினேன். உள்ளே இருபத்தொரு கருவிகள். எல்லாம் பளபளவென்று இருந்தன. ஆறு மாதத்தில் நான் கையில் எடுத்தவை நான்கே நான்கு. மற்றவை மழைக்காலத்தில் துருப்பிடித்தன. கடனை மட்டும் வட்டியோடு கட்டினேன்.

பிறகு கொல்கத்தாவுக்குப் போனேன். அந்த நகரின் வடக்கே, ஹூக்ளி ஆற்றின் ஓரமாகக் குமார்துலி என்ற இடம் இருக்கிறது. துர்கா பூஜைக்கான சிலைகள் அங்கேதான் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. அந்தப் பூஜையை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆளை விட உயரமான சிலைகள்! செய்பவர் கையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு மூங்கில் பட்டை. அவ்வளவுதான்.

முதலில் மூங்கிலால் சட்டம் கட்டுகிறார்கள். வைக்கோலைச் சணல் கயிற்றால் சுற்றி உடல் அமைக்கிறார்கள். அதன்மேல் உமி கலந்த மண்ணை அப்புகிறார்கள். பிறகு வழுவழுப்பான மண். இவ்வளவையும் கையே செய்கிறது. கண்ணிமை, உதட்டோரம், புடவை மடிப்பு போன்ற, விரல் நுழையாத இடங்களுக்கு மட்டும்தான் அந்த மூங்கில் பட்டை. அதைச் சியாரி என்கிறார்கள். அவரவர் கைக்கு ஏற்றபடி தாங்களே சீவிக்கொள்கிறார்கள்.

நீங்களும் சீவலாம். முற்றிய மூங்கிலாகப் பாருங்கள். இளம் மூங்கில் காய்ந்தால் வளைந்துவிடும். ஒரு சாண் நீளம் போதும். மூங்கிலின் வெளிப்புறம் கெட்டியானது, உட்புறம் மெத்தென்று இருக்கும். ஆகவே கூரான ஓரம் வெளிப்புறத் தோலில் அமையும்படி சீவுங்கள். ஒரு முனை கத்தி போலச் சாய்வாக இருக்கட்டும். மறுமுனை கரண்டி போல வட்டமாக இருக்கட்டும். பிறகு உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். சிலாம்பு இருந்தால் மண்ணில் கோடு விழும், உங்கள் கையிலும் ஏறும். கடைசியில் கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள்.

ஆனால் ஒரு விஷயம். குமார்துலிச் சிலைகள் சுடப்படுவதில்லை, வெயிலில் காய்கின்றன. நீங்கள் செய்யப்போவது சூளையில் சுடும் பொம்மை. அதற்கு மூங்கில் மட்டும் போதாது. பொம்மை தடிமனாக இருந்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். சூடு ஏறியதும் அது ஆவியாகும். வெளியேற வழியில்லாமல் பொம்மை வெடிக்கும், பக்கத்தில் உள்ளதையும் உடைக்கும். பத்துப் பேர் உழைப்பு ஒரே இரவில் போய்விடும்.

ஆகவே உள்ளே குடைய வேண்டும். அதற்குக் கம்பி வளையம் வேண்டும். கட்டைப்பிடியில் கெட்டியான கம்பியை வளைத்துச் செருகி, மேலே இறுக்கிக் கட்டினால் அதுவே போதும். மண் கையில் ஒட்டாமல், ஆனால் நகம் பதியும் பதத்தில் இருக்கும்போது குடையுங்கள். சுவர் விரல் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது. ஊசியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மூடிய பிறகு அடியில் ஒரு துளை விட மறக்காதீர்கள்.

வளையத்தைக் கடையில் வாங்குவதானால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம். பிடி ஆடினாலும் வேண்டாம். சகோதரிகள் கட்டாயம் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள். தடித்த பிடி ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டை வலிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் இரும்பைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள்.

காய்ந்த மண்ணைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடையுங்கள்.

பத்துப் பேருக்குத் தலைக்கு இரண்டு மூங்கில், இருவருக்கு ஒரு வளையம், ஆளுக்கொரு ஊசி. இதற்குக் கடன் எதற்கு? சூளைக்கு விறகு வாங்கத்தான் பணம் வேண்டியிருக்கும்.

முற்றிய மூங்கில் கொண்டுவந்திருக்கிறேன். கத்தி இரண்டுதான் இருக்கிறது. முறை வைத்துச் சீவலாம், வாருங்கள்.